ஆள் இருக்கட்டும், படம் போகட்டும்

நாற்காலியிலிருந்து ஆள் எழுந்துவிட்டால் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறி நின்றாக வேண்டும். இது அமிர்தவல்லியின் சட்டம். பணம் கட்டும் மேசையை விட்டு எழாமலே அதை நிறைவேற்றுவதற்காகப் பழைய குடைக்கம்பி ஒன்றை வைத்திருக்கிறார். சுவரில் வரிசையாக ஆறு சுவிட்சுகள். கண்கள் ரசீதுப் புத்தகத்தில் இருக்க, கை மட்டும் நீண்டு சரியான சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பும். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் காற்று நின்றுவிட்டதைப் பார்த்து யாராவது முறைத்தால், ஒரே பதில்தான்.

"நீ எழுந்துட்ட. நாற்காலிக்கா வேர்க்குது?"

செஞ்சி கூட்ரோட்டிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் டாக்டர் பீமாராவின் முப்பது படுக்கை மருத்துவமனை இருக்கிறது. அமிர்தவல்லி அங்கே இருபத்தோரு வருடமாகப் பணம் வாங்கிப் போடுகிறார். மூன்று வருடத்துக்கு முன் அவரை நிர்வாக மேலாளர் ஆக்கினார்கள். பலகையை மாட்டிக்கொண்டார், அறையை மறுத்துவிட்டார். அறைக்கு ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஒரு சுவர்க் கடிகாரம் தேவைப்படும்; கடிகாரத்துக்குப் பேட்டரி. வயது நாற்பத்தொன்பது. சிங்கவரத்திலிருந்து தினம் காலை ஏழே முக்காலுக்கு மொபெட்டில் வந்து இறங்குவார். டப்பாவில் சொந்த நிலத்து வேர்க்கடலை, அவித்தது. பழைய தாள்களிலிருந்து பிடுங்கிய குண்டூசிகள் இங்க் புட்டியின் மூடியில் கிடக்கும். கணக்கெல்லாம் மருந்துக் கம்பெனி நாட்காட்டிகளின் முதுகில்.

இவ்வளவு சிக்கனமான மனிதரிடம் முரண்பாடு இருக்காது என்று நினைத்தால் அது நம் தவறு. இந்த ஊரில் இளநீர்க்காரர் உட்படப் பாதிப் பேர் போனில் காசு வாங்கும்போது, தன் நிலத்துக் கடலையை விற்கும்போது அமிர்தவல்லி நோட்டாகத்தான் வாங்குவார். "கண்ணுல பாக்காத காசு காசா?" என்பார். அதே அமிர்தவல்லி, கண்ணில் பார்க்காத ஒரு டாக்டரைக் கோயம்புத்தூரிலிருந்து மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர். ராஜகிரி கோட்டையின் காலடியிலேயே பிறந்து வளர்ந்தும் இன்றுவரை அதன் உச்சிக்கு ஏறியதில்லை. ஆனால் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம் கிடைத்தது என்று செய்தி வந்த அன்று, ஊரே பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் எக்ஸ்ரே அறையைப் பார்த்து, "தம்பி, இனிமே கணுக்கால் நெறைய வரும், பாத்துக்க" என்றாராம். வந்தது.

தம்பி என்பது வெற்றிவேல். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பவர்; முப்பத்திரண்டு வயது, ஒரு பெண் குழந்தை, கூட்ரோட்டில் வாடகை வீடு. இந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு, குற்றத்திலும் உண்டு.

நான்கு வருடத்துக்கு முன் டாக்டர் பீமாராவ் வங்கிக் கடனில் ஒரு சி.டி. ஸ்கேன் இயந்திரம் வாங்கிப் போட்டார். இரண்டாம் கை இயந்திரம்தான். ஆனாலும் முப்பது படுக்கைக்கு அது யானை. தவணை மாதம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். படம் எடுக்க வெற்றிவேல் போதும். எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதித் தருவதற்கு அதற்கென்று படித்த டாக்டர் வேண்டும். அப்படி ஒருவர் விழுப்புரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். மாதம் எண்பதாயிரம், கார் வாடகை தனி, மதியச் சாப்பாட்டில் மீன் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் எடுத்த படங்கள் பெரிய பிலிமாக அச்சாகி, காக்கிக் கவரில் நுழைந்து, விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால் பயணம் செய்யும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அதே பஸ்ஸில் பதில் வரும். ஒரு கவருக்குக் கண்டக்டருக்கு ஐம்பது ரூபாய் என்பதால் அமிர்தவல்லி ஐந்து பேரின் படத்தை ஒரே கவருக்குள் திணிப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விழுப்புரத்து டாக்டருக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. போய்விட்டார். படம் படிக்க ஆள் இல்லை என்பதால் இயந்திரம் நின்றது. அமிர்தவல்லி நான்கு பழைய நீலப் படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, அதற்கு ஒரு உறை போட்டார். ஐந்து மாதம் அது உறைக்குள் இருந்தது. தவணைக்கு உறை கிடையாது. அது மாதா மாதம் ஐந்தாம் தேதி எழுந்து நடந்தது.

அந்த ஐந்து மாதத்தில்தான் அமிர்தவல்லி ஒரு நோட்டு போட்டார். அட்டையில் தலைப்பு: போனவர்கள். தலையில் அடி என்று வந்து, இங்கே ஸ்கேன் இல்லை என்று பாண்டிச்சேரிக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் அதில் ஏறினார்கள். பெயர், ஊர், போன நேரம், இருந்திருந்தால் எத்தனை நாள் படுக்கை, மருந்துக் கடையில் என்ன வாங்கியிருப்பார், ரத்தப் பரிசோதனை என்ன. கடைசிக் கட்டத்தில், அங்கே போய்ப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததா என்பதை வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதினார். மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்து பஸ் படியில் வழுக்கியவர், கிணற்றுமேட்டில் விழுந்தவர், மருமகன் தள்ளியதாக ஒருவரும் தானாக விழுந்ததாக இன்னொருவரும் சொன்ன மாமனார். ஐந்து மாதத்தில் இருநூற்றுப் பத்துப் பேர். நூற்று அறுபது பேருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள ஆம்புலன்சுக்கு நாலாயிரம் கொடுத்திருந்தார்கள். இங்கே திரும்பி வந்தவர்கள் ஏழு பேர்.

இதற்குள் திருவண்ணாமலையிலிருந்து ஆனந்தராஜ் என்பவர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பழைய மருத்துவ இயந்திரங்களை வாங்கி விற்பவர். இரண்டு லட்சம் முன்பணமும் கொடுத்தார். லாரி வரும் நாளைக் குறிப்பதுதான் பாக்கி. அன்று சாயங்காலம் அமிர்தவல்லி நோட்டை டாக்டர் மேசையில் வைத்தார். பக்கத்து அறையில் இருந்த வெற்றிவேல் சொன்னது இது.

"அய்யா, இதப் படிங்க."

"என்ன அமிர்தம், யார் இவங்கள்லாம்?"

"நம்ம வருமானம். ஒவ்வொண்ணா ஆம்புலன்ஸ்ல ஏறிப் போயிருக்குது."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? எண்பதாயிரம் குடுத்தாலும் இந்த ஊருக்கு வர ஆள் இல்ல."

"ஆளு ஏன்யா வரணும்? படம் போவட்டும். தம்பி சொல்லிச்சி, நெட்டு வழியா அனுப்பினா கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா பாத்து அரை மணியில எழுதிடறாங்களாம். படத்துக்கு முந்நூறு. வந்தாத்தான் காசு, வரலன்னா இல்ல. கார் இல்ல, மீன் இல்ல."

டாக்டர் பீமாராவ் சிரித்தார். செஞ்சியில் பல தலைமுறையாக வேரூன்றிய மராத்திக் குடும்பம், அறுபத்தெட்டு வயது, நாடித் துடிப்பை இன்னும் கைக்கடிகாரம் பார்த்து எண்ணுகிறவர். முகம் பார்க்காத டாக்டர் எழுதியதை நம்பி மருந்து கொடுப்பதா என்று அவருக்கு. அமிர்தவல்லி கணக்கைச் சொன்னார். ஒரு படத்துக்குச் சராசரியாக ஆயிரத்து எண்ணூறு வாங்கினால், முந்நூறு போக ஆயிரத்தைந்நூறு. நாளைக்கு மூன்று பேர் படுத்தால் மாதம் ஒரு லட்சத்து முப்பத்தையாயிரம். கரண்டுக்கு இருபத்தைந்து போனால் மிச்சம் சரியாக ஒரு லட்சத்துப் பத்து. படுக்கையும் மருந்துக் கடையும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

"மூணு அமாவாச டைம் குடுங்க. வைகாசி, ஆனி, ஆடி. எரநூத்தி எழுவது படம். மெஷினு தன் தவணைய தானே கட்டணும். கட்டலன்னா வித்துடுங்க."

"வித்துட்டா வெற்றிவேல் எங்க போவான்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். லாரியில எடம் இருந்தா என்னையும் சேத்து ஏத்திடுங்க. தூக்குக் கூலி குடுக்க வேணாம், நானே ஏறிக்கறேன்."

டாக்டர் ஒப்புக்கொண்டார்; லாரி ஆடி அமாவாசைக்கு மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மாதக் கணக்கை அமாவாசையில் போடுகிற மருத்துவமனை தமிழ்நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நியாயம் உண்டு. அமாவாசைக்கு மேல்மலையனூரில் கூடும் கூட்டம் செஞ்சி வழியாகத்தான் வந்து திரும்புகிறது. அங்காளம்மன் அருளுக்கும் சிறப்புப் பேருந்தின் வேகத்துக்கும் நடுவில் ஏற்படும் சிராய்ப்புகள் எல்லாம் திண்டிவனம் சாலைக்கு வந்து சேரும்.

வைகாசி அமாவாசை தோல்வி. இயந்திரம் நன்றாக வேலை செய்தது. கோயம்புத்தூரில் டாக்டர் கலைமதி அரை மணிக்கு முன்பே எழுதி அனுப்பினார். மக்கள்தான் ஏற்கவில்லை. கறுப்புப் பிலிம் கையில் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்ததாக இந்தப் பக்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதை வெளியே கொண்டுவந்து சூரியனுக்கு நேரே பிடித்து, இரண்டு மச்சான்களும் ஒரு பங்காளியும் பார்த்துத் தலையசைத்தால்தான் வைத்தியம் முடியும். தளவானூர் பெண் ஒருத்தி மேசையைத் தட்டினாள்.

"ரெண்டாயிரத்த வாங்கிக்கினு ஒரு தாளக் குடுக்கறீங்க. படம் எங்க?"

"படம் கோயமுத்தூர் போயிருக்குதும்மா."

"எம் புருசனோட தல, கோயமுத்தூர்ல அதுக்கு இன்னா வேல?"

பிலிம் ஒன்று நூற்றைம்பது ரூபாய். அமிர்தவல்லி இரண்டு நாள் கடலை உரித்துக்கொண்டே யோசித்தார். பிறகு பிலிமுக்கான பழைய பெரிய கவரை மட்டும் ஆறு ரூபாய் வீதம் ஐந்நூறு வாங்கினார். மண்டை ஓட்டின் படத்தைச் சாதாரணத் தாளில் அச்சடித்து, பதில் தாளோடு அந்தக் கவருக்குள் வைத்து நீட்டினார். யாரும் அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள அகலமாக ஒன்று இருந்தது. "அவங்க கேட்டது படமில்ல, கவுரு" என்பது அமிர்தவல்லியின் முடிவு. ஆனி அமாவாசைக்குள் கணக்கு எழுந்து உட்கார்ந்தது. பாண்டிச்சேரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர், இப்போதெல்லாம் தூங்க நேரம் கிடைக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்.

இங்கேதான் அந்தக் காக்கிக் கவர் திரும்பி வருகிறது.

படத்துக்கென்று நினைத்த முந்நூறு ரூபாய் உண்மையில் 'ஒரு ஆளுக்கு' என்று அமிர்தவல்லிக்குத் தெரியவந்தது. ஒரே ஆளுக்கு மார்பும் வயிறும் எடுத்தால் இரண்டையும் சேர்த்தே முந்நூறுக்குப் பார்த்துவிடுவார்கள் என்பதும் தெரிந்தது. பஸ்ஸில் ஐந்து பேரை ஒரு கவரில் அனுப்பிய கை அது. ஒருநாள் வெற்றிவேலைக் கூப்பிட்டார். ஒரு விவசாயியின் மார்பையும் அவர் வயதொத்த இன்னொருவரின் வயிற்றையும் ஒரே பெயரில் அனுப்பச் சொன்னார். வெற்றிவேல் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது தப்புக்கா."

"பஸ்ஸுல ஒண்ணா போனானுங்களே, அப்ப தப்பில்லையா? பதில் வந்ததும் கத்திரி வெச்சி ரெண்டாக்கு."

பதில் தாள் வரும். மேல்பாதி மார்பு, கீழ்ப்பாதி வயிறு. வெற்றிவேல் நடுவில் வெட்டி, இருவருக்கும் தனித்தனித் தாளில் ஒட்டிப் பிரதி எடுத்துத் தருவார். இப்படிப் பதினொரு தடவை. செஞ்சி வட்டாரத்தில் பிறந்தே இராத பதினொரு முழு மனிதர்களுக்கு டாக்டர் கலைமதி கோயம்புத்தூரில் உட்கார்ந்து சிரத்தையாகப் பதில் எழுதினார். டாக்டர் பீமாராவுக்கு இது தெரியாது.

ஆடி அமாவாசை அன்று காலை கணக்கு இருநூற்று ஐம்பத்தாறு. இன்னும் பதினாலு. மறுநாள் காலை பத்து மணிக்கு லாரியோடு வருவதாக ஆனந்தராஜ் போன் செய்திருந்தார். மதியத்திலிருந்தே சிறப்புப் பேருந்துகள் ஒலித்துக்கொண்டு போயின. மூன்று மணிவாக்கில் ஒரே வேனில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சேரன், இருபத்தைந்து வயது, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன். சட்டை முழுக்க ரத்தம், கூடவே நாலு நண்பர்கள், அலறல். இன்னொருவர் தளவானூர் கன்னியப்பன். அறுபத்தைந்து இருக்கும். பஸ் படியிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார் என்று யாரோ வற்புறுத்தி ஏற்றிவிட்டிருந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார்.

"எனக்கு இன்னா ஆச்சி? நல்லாத்தான இருக்குறேன். அந்தப் பையனப் பாருங்கம்மா. எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு."

டாக்டர் பீமாராவ் சேரனுக்குத் தையல் போடப் போனார். அதற்கு முன் இருவருக்கும் தலைப்படம் எழுதிக் கொடுத்தார். இருவரும் ஆண்கள். இரண்டும் தலை. கூட்டமோ வாசல்வரை. அமிர்தவல்லி வெற்றிவேலைப் பார்த்து இரண்டு விரலை நீட்டி, பிறகு அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். மார்பும் வயிறும் சேரலாம். இரண்டு தலை சேராது என்பது அந்த அவசரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. அமிர்தவல்லி எடுத்தார்.

"ஏனுங்கம்மா, செஞ்சிங்களா? நான் கலைமதி பேசறேன். பதினெட்டு வருசமா தலை பாக்கறேனுங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு தலைய இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அமிர்தவல்லி கையசைத்து வெற்றிவேலைக் கூப்பிட்டு, அவருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தார்.

"வெளையாட்டு அப்புறம். ஒரு தலையில ஒண்ணுமில்ல. இன்னொண்ணுல மண்டை ஓட்டுக்கு உள்ளார ரத்தம் கசியுது, சேந்துக்கிட்டே இருக்குது. இப்ப நல்லாப் பேசுவாரு, கொஞ்ச நேரத்துல நெனவு போயிரும். உடனே அனுப்பணும். எந்தத் தலை யாருதுங்க?"

கூட்டத்தின் தள்ளுமுள்ளில் யாரை முதலில் படுக்கவைத்தோம் என்பது வெற்றிவேலுக்கு நிச்சயமாக நினைவில்லை. ரத்தச் சட்டைக்காரனாகத்தான் இருக்கும் என்றார்; எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அமிர்தவல்லி மட்டும் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். ஊரே கேலி செய்யும் ஒரு பழக்கம் அவருக்கு உண்டு. ரசீது எழுதாமல் ஸ்கேன் அறைக் கதவைத் தாண்டி யாரையும் விட மாட்டார். ரசீதின் ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தையும் எழுதுவார். பணம் பிறகு வரலாம், ரசீது பிறகு வரக் கூடாது.

"மூணு எட்டு கன்னியப்பன். மூணு இருவத்தொண்ணு சேரன். டாக்டரம்மா, ரத்தம் மொதப் படமா, ரெண்டாவதா?"

"மொதப் படம். மூணு பன்னெண்டுன்னு காட்டுது. ஆனா ரசீத நம்பி மண்டையத் தெறக்க முடியாதுங்க. அந்தத் தலையில காதோரம் ஏதோ உலோகம் தெரியுது. போய்ப் பாத்துட்டு வாங்க."

இருபத்தோரு வருடத்தில் அமிர்தவல்லி அந்த மேசையை விட்டு ஓடியதை யாரும் பார்த்ததில்லை. கன்னியப்பன் டீயை முடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். காதை மறைத்துத் தலையில் துண்டு. அமிர்தவல்லி துண்டை விலக்கினார். சிவப்புக் கல் கடுக்கன்.

"இத ஏன் நைனா கழட்டல?"

"கழட்ட வரலம்மா. அது எங்க நைனா போட்டது."

மூன்று நாற்பத்திரண்டுக்குக் கன்னியப்பன் ஆம்புலன்சில் இருந்தார். அவருக்கு முன்னாலேயே அவருடைய படமும் பதிலும் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. திண்டிவனம் தாண்டும்போது அவருக்குப் பேச்சு குழறியது; அங்கே அறுவை அறை தயாராக இருந்தது. பழைய வழக்கப்படி நடந்திருந்தால் ரத்தச் சட்டை ஆம்புலன்சில் போயிருக்கும், டீ குடித்தவர் ஐந்து மணி பஸ்ஸில். சேரன் இரண்டு தையலோடு இங்கேயே இரண்டு நாள் படுத்திருந்தான். அவனுடைய நாலு நண்பர்களும் எதிர்க்கடையில் சாப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கலைமதி மறுபடி கூப்பிட்டார். அமிர்தவல்லி மறைக்கவில்லை, பதினொன்றையும் சொன்னார்.

"ஏனுங்கம்மா, வயித்துல ஒண்ணப் பாத்தா, அது எங்கிருந்து வந்ததுன்னு மார்புல தேடுவேன். ரெண்டும் ஒரே ஆளுன்னு நம்பித்தானே படிக்கிறேன்? முந்நூறு ரூவாய்க்கு என்னைப் பொய் படிக்க வெச்சுட்டீங்களே."

அமிர்தவல்லி நேராக டாக்டர் பீமாராவிடம் போனார். கணக்கு இன்னும் ஒன்பது குறைவாக இருந்தது. அவர் சொல்லாமல் இருந்தால் மறுநாள் வரை யாருக்கும் தெரியப் போவதில்லை. நின்றுகொண்டே சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முந்நூறு ரூபாய்க்கா அமிர்தம்?"

"ஆமாங்கய்யா. முந்நூறுக்குத்தான்."

"உன் நோட்டுல போனவர்கள்னு எழுதியிருந்தியே. அந்தக் கெழவன் அஞ்சு மணி பஸ்ஸுல ஏறியிருந்தா, அவனை எந்தப் பக்கத்துல எழுதியிருப்ப?"

அவர் வேறெதுவும் திட்டவில்லை என்று வெற்றிவேல் சொல்கிறார். அது போதுமாக இருந்தது. அன்று சாயங்காலமே பதினொரு கலப்பு மனிதர்களும் பிரிக்கப்பட்டு, இருபத்திரண்டு பேராகக் கோயம்புத்தூருக்குப் போனார்கள். ஏமாற்றிய பதினொரு கட்டணத்தையும், அன்றைய இரண்டாவது தலைக்கானதையும், மறுபடி படிப்பதற்கான தொகையையும் அமிர்தவல்லி தன் சம்பளத்திலிருந்து அனுப்பினார். போனில் அனுப்பினார், முதல் முறையாக. ஒருவரைத் தவிர எல்லாருக்கும் பதில் பழையபடியே வந்தது. மேல்மலையனூர்ப் பெண் ஒருத்தியை மட்டும் மறுபடி வரவழைத்துப் பார்த்தார்கள், பழைய தழும்புதான். கலைமதி பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒரே வரி அனுப்பினார்: இனி ஒரு ஆளுக்கு ஒரு தலை. அந்த வரி இப்போது பெரிய எழுத்தில் ஸ்கேன் அறைக் கதவில் இருக்கிறது. நாட்காட்டியின் முதுகில்தான்.

அங்காளம்மன் அன்று யாரையும் கைவிடவில்லை. மொத்தம் பத்தொன்பது படங்கள். இருநூற்று எழுபத்தைந்து.

மறுநாள் பத்து மணிக்கு ஆனந்தராஜ் வந்தார். வாசலில் லாரி, நாலு ஆட்கள், கடப்பாரை, கயிறு. டாக்டர் பீமாராவ் தன் அறையிலிருந்து, "எல்லாம் அமிர்தத்த கேளுங்க" என்று சொல்லிவிட்டு நாடி பார்க்கப் போய்விட்டார். ஆனந்தராஜ் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கம்பி நீண்டது. விசிறி சுற்றியது.

"இன்னாம்மா, தூக்கலாமா?"

"தூக்குங்க. உள்ள ஒருத்தரு படுத்திருக்காரு, அடுத்து மூணு பேரு நிக்கறாங்க. அவங்களையும் சேத்துத் தூக்கிக்கினு போயி, திருவண்ணாமலையில படம் எடுத்துக் குடுத்துடுங்க."

"வெளையாடாதம்மா. டீசல் போட்டு வந்திருக்கறேன். அட்வான்ஸ் குடுத்திருக்கறேன்ல?"

இரண்டு லட்சம் ஏற்கெனவே எண்ணிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் முன்னாலேயே நாட்காட்டித் தாளில் கணக்கை விரித்தார். தவணை கட்டியது, கரண்டு கட்டியது, கோயம்புத்தூருக்குக் கட்டியது. எல்லாம் போக ஏழாயிரத்து ஐந்நூறு மிச்சம். படுக்கை, மருந்து, ரத்தப் பரிசோதனை அடுத்த தாளில். ஆனந்தராஜ் வியாபாரி, இரண்டாவது தாளை இரண்டு தடவை படித்தார்.

"இத எனக்குக் கத்துக்குடும்மா. ஆரணியில ஒரு ஆஸ்பத்திரி இப்படித்தான் மெஷின விக்கிறேன்னு நிக்கிறாங்க."

"அவங்களுக்குக் கத்துக்குடுத்தா நீ எத வாங்கி விப்ப?"

கன்னியப்பன் மூன்று வாரம் கழித்து, மொட்டைத் தலையும் கடுக்கனுமாகத் தையலைக் காட்ட இங்கேதான் வந்தார். 'போனவர்கள்' நோட்டில் அவர் பெயருக்கு எதிரே பச்சை மையில் ஒரு கோடு இருக்கிறது, திரும்பி வந்த எட்டாவது ஆள். அது பிந்திய கதை. அன்று காலைக்குத் திரும்புவோம்.

ஆனந்தராஜ் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். டீசல் காசு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அமிர்தவல்லி எழுந்து ஸ்கேன் அறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த நீல உறை மடித்தபடி இருந்தது. மேசைமேல் விரித்தார். தானே தைத்த விளிம்பைப் பல்லால் கடித்து ஒரு கீறல் விட்டு, இரு கையாலும் இழுத்தார். கிழியும் சத்தத்தில் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீளவாக்கில் ஆறு, குறுக்கே மூன்று. பதினெட்டுத் துடைதுணிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு முறை எண்ணினார். மேலே இருந்ததை எடுத்து நாலாக மடித்து ஆனந்தராஜிடம் நீட்டினார்.

"இந்தாங்க. லாரிக் கண்ணாடி தொடச்சிக்கங்க. இதுக்கு ரசீது வேணாம்."